அக்காவின் தூக்கத்தை நான் ஆடினேன்

ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கும்போது உங்கள் வாய் மூடியிருக்குமா, திறந்திருக்குமா? யோசிக்க வேண்டாம், உங்களுக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் வாயைத் திறக்காதவரை உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

மாரிகுப்பத்திலிருந்து காலையில் பெங்களூர் போகிற ரயிலில், லேடீஸ் கோச்சில், இரண்டு வருடமாகப் போய்வருகிறேன். ஏறுவது ஊரிகம், இறங்குவது கன்டோன்மென்ட். பி.காம் முடித்த கையோடு அங்கே ஓர் ஆபீஸில் வேலை கிடைத்தது. யார் யாரோ எங்கோ வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்று ஆன்லைன் சாட்டில் திட்டுவார்கள். நான் டைப் அடித்து மன்னிப்புக் கேட்பேன். ஒரே நேரத்தில் நாலு பேரிடம். கை ஓடும், உடம்பு அப்படியே கிடக்கும். எனக்கு உடம்பு சும்மா கிடந்தால் பைத்தியம் பிடிக்கும். மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டுப் பெண் ஒரு நாள் என் முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்து, "பிளீஸ்" என்றாள்.

எங்கள் கோச்சில் சீட் என்பது காலியாக இருந்தால் உட்காருகிற சமாசாரம் இல்லை. ரயில் கிளம்புகிற ஊர் மாரிகுப்பம். அங்கே ஏறுகிறவர்கள் துப்பட்டா, டிபன் பை, குடை என்று எதையாவது போட்டு அடுத்து ஏறும் ஊரிகம், கோரமண்டல் ஆட்களுக்கு இடம் பிடித்து வைப்பார்கள். பங்காருபேட்டையில் ஏறுகிறவர்களுக்கு அந்த யோகம் கிடையாது. அவர்கள் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒவ்வொருவராக "எங்க எறங்குவீங்க?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். முதலில் கேட்டவருக்கு அந்த சீட். பிறகு கேட்பவருக்கு "சொல்லிட்டாங்க" என்று ஒரே வார்த்தையில் பதில். அதற்கு மேல் பேச்சில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு எதில் கேட்டாலும் இதே சட்டம்தான்.

எனக்கு இடம் பிடிப்பது மாரிகுப்பத்து அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். வைட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. மேசை முன்னால் நின்றபடி சட்டையைப் புரட்டிப் புரட்டி நூல், பட்டன், காலர் பார்க்க வேண்டும். உட்கார விடமாட்டார்கள். வீட்டுக்குப் போனாலும் அடுப்படியில் நிற்கத்தான் வேண்டும். ஆக, அக்கா ஒரு நாளில் உட்காருவது என்றால் அது ரயிலில்தான்.

கோச்சுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. அதில் அக்கா தினமும் ஒரே ஒரு வார்த்தை போடுவாள்: "கிளம்பிடுச்சு." அதைப் பார்த்துத்தான் நாங்கள் வீட்டை விட்டு ஓடுவோம். நான் ஏறியதும் அக்கா பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு "சாப்ட்டியா?" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிடுவாள்.

அந்தத் தூக்கம் சாதாரணத் தூக்கமில்லை. முதலில் வலது கால் செருப்பை விட்டு வெளியே வந்து இடது பாதத்தின் மேல் ஏறி உட்காரும். பிறகு தலை படிப்படியாக இறங்கும், மூன்று படி. மூன்றாவது படியில் ஒரு வெட்டு வெட்டி மேலே போய்ப் பின்பக்கம் சாயும். அப்போது வாய் திறக்கும். நன்றாக, முழுசாக, டாக்டரிடம் காட்டுவதுபோல. அதற்குப் பிறகு பங்காருபேட்டை கூட்டம் காலை மிதித்தாலும் தெரியாது. ஆனால் வைட்ஃபீல்டுக்கு ஒரு நிமிடம் முன்னால் வாய் மூடும், கால் செருப்பைத் தேடும், கண் கடைசியாகத் திறக்கும். எப்போதும் இதே வரிசை. இரண்டு வருடமாக எதிர் சீட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு அது மனப்பாடம்.

இப்போது விழாவுக்கு வருகிறேன்.

பெங்களூரில் சமகால நடன விழா, பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அதில் ஒரு நிகழ்ச்சிக்கு நகரத்து ஆட்கள் இருபத்து நாலு பேர் வேண்டும், ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று இன்ஸ்டாவில் வந்தது. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எனக்கு ஆடத் தெரியும். கல்லூரி விழா, புத்த விகாரத்துப் பௌர்ணமி மேடை, கல்யாணத்து ஆர்க்கெஸ்ட்ரா எல்லாவற்றிலும் ஆடியிருக்கிறேன். ஊரிகத்தில் என்னைவிட நன்றாக ஆடுகிற பெண் இருந்தால் வரட்டும், பார்க்கலாம். விண்ணப்பத்தில் எந்த ஏரியா என்று கேட்டிருந்தார்கள். கோலார் தங்க வயல் என்று போட்டால் நகரத்து ஆள் இல்லை என்று கழற்றிவிடுவார்களோ என்று கன்டோன்மென்ட் என்று போட்டேன். பொய்யென்று சொல்ல முடியாது. பகல் முழுக்க அங்கேதானே கிடக்கிறேன்.

ஒத்திகை ஆபீஸ் முடிந்து ஒன்றரை மணி நேரம். பிறகு ஓடினால் சாயங்கால ரயில் கிடைக்கும். முதல் நாள் போனபோது அரங்கத்துக்கு வெளியே செனகல்காரர்கள் ஏழு பேர் செருப்பில்லாமல் சிமென்ட் தரையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே வரவில்லை. கொரியாவிலிருந்து வந்த இரண்டு பேர் ஒரு தூணைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். ரொம்ப நேரம் நின்றார்கள். அதுவும் பயிற்சியாம். எனக்குப் பார்க்கும்போதே கால் அரித்தது.

எங்கள் நிகழ்ச்சியை நடத்தியவள் போர்ச்சுகல்காரி. குள்ளம், நரைத்த கிராப்பு, ஒரு முட்டியில் பட்டி. பன்னிரண்டு நாற்காலி போட்டாள். "நீங்கள் இருபத்து நாலு பேர். பேசக் கூடாது. மற்றபடி இஷ்டம்போல் செய்யுங்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முறையாகக் கற்ற பெங்களூர்ப் பிள்ளைகள் நாற்காலியைச் சுற்றி வளைந்தார்கள், உருண்டார்கள், ஒருத்தி நாற்காலிக்கு அடியில் புகுந்தாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. எனக்கு நாற்காலியைப் பார்த்ததும் மூளை வேலை செய்யவில்லை, பழக்கம்தான் வேலை செய்தது. நேராக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போய் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பேசக் கூடாது என்பதையும் மறந்து, "எங்க எறங்குவீங்க?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். சரி, கன்னடக்காரி போலிருக்கிறது என்று "எல்லி இளீத்தீரா?" என்றேன்.

அரங்கமே சிரித்தது. வெட்கம் தாங்காமல் காலியாக இருந்த நாற்காலியில் போய் விழுந்தேன். இனி என்ன செய்வது, எதையாவது செய்தாக வேண்டுமே. கண்ணை மூடினேன். வலது கால் செருப்பை விட்டு வெளியே வந்தது.

கண்ணைத் திறந்தபோது மற்ற எல்லோரும் நின்றுபோயிருந்தார்கள். போர்ச்சுகல்காரி என் எதிரே மண்டியிட்டிருந்தாள். "இந்தத் தூக்கம் யாருடையது?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஒரு வழக்கம். யார் எந்த அசைவைக் கொடுத்தாலும் ஒரு துண்டு வெள்ளை டேப்பில் அவர் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுவாள். எங்கேயாவது பார்த்து எடுத்தது என்றால், எடுத்த இடத்து ஆளின் பெயர். அம்மா, வாட்ச்மேன், கணக்கு டீச்சர் என்றெல்லாம் சுவரில் இருந்தது. நான் அதைப் பார்த்திருந்தேன். தெரிந்துதான் சொன்னேன்.

"என்னுடையது" என்றேன்.

என் பெயரை எழுதி ஒட்டினாள். அந்தத் தூக்கத்துக்கு நாலு நிமிடம் ஒதுக்கினாள். மற்ற இருபத்து மூன்று பேரும் ஒதுங்கி நிற்க, நடுவில் நான் மட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி.

வீட்டில் பீரோ கண்ணாடிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பயிற்சி செய்தேன். எங்களுடையது சுரங்கக் காலத்துப் பழைய லைன் வீடு, சுவரோடு சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் கொடுப்பார்கள். அம்மா மாவுக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னா பண்ற?"

"பிராக்டீஸ்மா. டான்ஸு."

"தூங்கறதுக்கா பிராக்டீஸு? உன்ன காலைல எழுப்பறதுக்கு இல்ல நான் பிராக்டீஸ் பண்ணிகினு கீறேன்."

"இது கன்டெம்ப்ரரிமா."

"இன்னாவோ. இத பாக்க போர்ச்சுகல்லேர்ந்து வந்துகீறாங்க, பாவம்." அடுப்படிக்குத் திரும்பிப் போனவள் அங்கிருந்தே கேட்டாள். "யார் மாரியோ பண்றியே, யாரு அது?"

நான் நாற்காலியைக் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன்.

ஒத்திகையில் அந்தத் தூக்கத்தை எடுத்த இருபது நொடி வீடியோவை விழாக்காரர்கள் இன்ஸ்டாவில் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிகாலையில், எல்லோரும் ரயில் எங்கே வருகிறது என்று போனைப் பார்க்கிற நேரத்தில், அதை எடுத்துக் கோச் குரூப்பில் போட்டேன். மேலே "நம்ம கோச் ஸ்டைல்" என்று எழுதினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானேதான் போட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஐயோ இது நம்ம மாரிகுப்பம் அக்காடி." சிரிப்பு பொம்மைகள் வரிசையாக. "வாய் அப்படியே கீது." "அந்த செருப்பு, செருப்ப பாரு." பங்காருபேட்டையில் ஏறுகிற ஒருத்தி, "ஈக்கு டிக்கெட் வேணாமா?" என்று போட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பல் துலக்கினேன்.

அன்றைக்கு "கிளம்பிடுச்சு" வரவில்லை.

கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏறினேன். அக்கா இருந்தாள். எனக்கு சீட்டும் இருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சாப்ட்டியா" என்று கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன.

"தூங்குக்கா, தூங்கு. கேமரா ஆன்ல கீது" என்றாள் ஒருத்தி.

"தூக்கம் வர்ல" என்றாள் அக்கா.

"ஆக்டருக்கு எங்கடி தூக்கம் வரும்?" என்றாள் இன்னொருத்தி. கோச்சே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், உதட்டை மூடியபடி.

வைட்ஃபீல்டு வரை கண் மூடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டேக்கலுக்குப் பக்கத்தில் தலை ஒரு படி இறங்கும், உடனே தூக்கிவிடுவாள். மாலூரில் ஒரு தடவை இரண்டு படி இறங்கிவிட்டது. சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலையில் பக்கத்து சீட்டில் இருந்தவளிடம் அக்கா மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. முந்தின நாள், ஒரே சட்டையில் இரண்டு நிற பட்டன் இருந்ததை அக்கா பார்க்காமல் அனுப்பிவிட்டாளாம். "கண்ணு சொருகுது. நின்னுகினே சொருகுது. இன்னொரு தபா ஆச்சுன்னா பேக்கிங்ல போட்ருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். பேக்கிங்ல பொட்டி தூக்கணும், என் இடுப்புக்கு ஆவாது."

அந்த நாள் ஆபீஸில் மிக்ஸிக்காரர்களிடம் வழக்கத்தைவிட அதிகமாக மன்னிப்புக் கேட்டேன். மேசைக்கு அடியில் கால் நிற்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கோரமண்டல் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, தூங்குக்கா. நான் வேற கோச்சுல போறேன்."

"நீ போனா இன்னா, போவலனா இன்னா. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே."

"அத ஒண்ணும் அசிங்கமா பண்ணலக்கா நானு. அங்க எல்லாரும் சூப்பர்னாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"இருவது வருஷமா இந்த ரயில்ல தூங்கறேன். என் வாய் தொறக்கும்னு எனக்கே தெரியாது. என் புருஷன்கூட சொன்னதில்ல. இப்ப கண்ண மூடனா அந்த வீடியோதான் ஓடுது. என்னயே நான் எதுர்ல உக்காந்து பாக்கற மாரி. அப்புறம் எப்டி தூங்கறது, நீயே சொல்லு."

பங்காருபேட்டை வந்துவிட்டது. கூட்டம் ஏறியது. ஒருத்தி வந்து அக்காவிடம் "எங்க எறங்குவீங்க?" என்றாள். "வைட்ஃபீல்டு" என்றாள் அக்கா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை கடைசி ஒத்திகை. முன்னாலேயே போய்ப் போர்ச்சுகல்காரியிடம் அந்தத் தூக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஏன்?"

"அது என்னுடையது இல்லை."

அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்த டேப்பை உரித்தாள். என் பெயர் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழவில்லை. மார்க்கரை எடுத்தாள். "யார் பெயரை எழுத?"

ஊரும் பேரும் என் நாக்கு நுனியில் இருந்தன. சொன்னால் அதையும் சுவரில் ஒட்டுவாள், படம் எடுப்பார்கள், போடுவார்கள். "அவருக்குப் பிடிக்காது" என்றேன். அவள் வெறும் டேப்பைக் கிழித்து, ஒன்றும் எழுதாமல் ஒட்டினாள். திட்டவில்லை. "நாற்காலி அங்கேயே இருக்கும். நாலு நிமிடமும் இருக்கும். நாளைக்கு உன்னுடையது எதையாவது கொண்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

என்னுடையது என்ன? கல்லூரி விழாவில் ஆடியது வீடியோ பார்த்துக் கற்றது. கல்யாண மேடையில் ஆடியதும் அப்படியே. ராத்திரி பீரோ கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. இருபத்து மூன்று பேரும் விலகி நின்றார்கள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் ஒன்றும் இல்லை. முன் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்தேன். செருப்பு காலிலேயே இருந்தது. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டேன். தலை ஒரு படி இறங்கியது, தூக்கினேன். இரண்டு படி இறங்கியது. சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். மறுபடியும் நிமிர்ந்தேன். நாலு நிமிடம் இவ்வளவுதான். அரங்கத்தில் யாரும் இருமக்கூட இல்லை. முதல் தடவையாக மேடையில் என் கால் ஆடாமல் இருந்தது.

முடிந்ததும் போர்ச்சுகல்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். தூக்கத்தைவிட இது எவ்வளவோ மேல் என்றாள். செனகல்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் கேட்டாள்: "இது உன்னுடையதுதானே?"

நான் தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். வெறும் டேப்பில் என் பெயரை எழுதினாள்.

இன்று திங்கள். "கிளம்பிடுச்சு" இன்றும் வரவில்லை. விழாவுக்கு வந்தவர்கள் நேற்றே அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். நான் ஏறினேன். அக்கா பையை எடுத்தாள். உட்கார்ந்த உடனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தூக்கத்தை எடுத்துவிடச் சொன்னது, வெறும் டேப், நாலு நிமிடம், கடைசியில் தலையாட்டியது வரைக்கும். மூச்சு விடாமல் சொன்னேன். இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள்.

"அப்ப நான் முழிச்சுகினு இருந்தது கூட அங்க போயிடுச்சு."

"ஆமாக்கா."

"கைதட்னாங்களா?"

"தட்னாங்க."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"உன்னுதுன்னு எதுனா ஒண்ணு கீதாடி உன்கிட்ட?" என்றாள். எதிரே இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவுப் பக்கம் நின்றுகொண்டேன். என் இடத்தில் பங்காருபேட்டைக்காரி ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

மணி ஏழே கால். டேக்கல் தாண்டிவிட்டது. அக்கா விழித்திருக்கிறாள்.